ஆவுளியாவும் பாம்பன் பாலமும்: பரிணாமமா, தொழில்நுட்பமா?

பரிணாமம், தொழில்நுட்பம் இரண்டில் மாற்றத்தைச் செய்வதில் எது மேல் என்று ஒப்பிடும்போது வழக்கமாகச் சொல்வது, இரண்டிலும் பழையதிலிருந்தே புதியது பிறக்கிறது, பரிணாமத்துக்குத் திட்டம் கிடையாது, தொழில்நுட்பம் வேகமாக மாறும் என்பதுதான். எல்லாம் சரி. ஆனால் முடிவு செய்யும் கேள்வி வேறு: ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்திவைத்து மாற்ற முடியுமா? தொழில்நுட்பத்தில் முடியும் என்பதால் என் ஓட்டு அதற்கே.

பாம்பனைப் பாருங்கள். 1914இல் திறந்த ரயில் பாலத்தின் நடுவில், கப்பல் போவதற்காக இரண்டு இறக்கைகள். ஆட்கள் கையால் சுற்றித்தான் அவற்றைத் தூக்கினார்கள். உப்புக்காற்றில் இரும்பு அரித்துத் தேய, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். பக்கத்திலேயே எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. அதில் இறக்கையே இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப்பகுதி, மோட்டார் விசையில் 17 மீட்டர் நேராக மேலே போகிறது. பாதி இறக்கை, பாதி தூக்கு என்று நடுவில் ஒரு பாலம் இருந்து, அதன் மேலும் ரயில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலை முடியும்வரை சனங்கள் சாலைப் பாலத்தில் போனார்கள்.

ஆவுளியாவுக்கு அப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. யானைக்கு உறவான இந்தக் கடற்பசுவின் மூதாதைகள் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள். இடையில் வந்த ஒவ்வொரு தலைமுறையும் மேய்ந்து, மூச்சுவிட்டு, குட்டி போட்டாக வேண்டும். அதனால் பரிணாமம் இருந்ததையே திருத்தி ஒப்பேற்றியது: மூக்குத்துளை முகத்தின் மேல்பக்கம் ஏறி, முங்கும்போது மூடிக்கொள்கிறது, பின்னங்கால் போய், இடுப்பெலும்பின் மிச்சம் மட்டும் தசைக்குள் கிடக்கிறது. செவுள் வரவில்லை. பக்கத்தில் நீந்தும் மீனிடமிருந்து அதை இரவல் வாங்கவும் வழியில்லை. விசைப்படகோ லாரிக்கென்று பிறந்த டீசல் எஞ்சினை அப்படியே எடுத்துக்கொண்டது. (பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுக்களை மாற்றிக்கொள்ளும், நான் சொல்வது பெரிய விலங்குகளுக்குத்தான்.)

பராமரிப்பில் மட்டும் பரிணாமமே மேல். ஆவுளியாவின் தோலில் விழும் கீறல் தானாக ஆறும். ஃபைபர் படகில் விரிசல் விட்டால் கரையேற்றி, சுற்றிலும் கிரைண்டரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மேட்டும் (கண்ணாடியிழை விரிப்பு) ரெசினும் (அதை ஒட்டும் பிசின்) வைக்கலாம். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. ஒட்டுப்போட்ட இடம் அலையடியில் உரிந்துவிடும். ஆனால் குறை படகை வார்க்கும் அச்சான மோல்டிலேயே இருந்தால் கதை மாறுகிறது. மோல்டில் ஒரு குழி விழுந்தால் அதில் வார்க்கிற ஒவ்வொரு படகிலும் புடைப்பு வரும், பரம்பரைக் குறை மாதிரி. பட்டறைக்காரர் வேலையை நிறுத்தி, பட்டி வைத்து, தேய்த்து, மெழுகு பூசினால் அடுத்த படகு சுத்தமாக இறங்கும். பரிணாமத்துக்கு அந்தப் பட்டறை இல்லை.

இரண்டுக்கும் இடையிலான வேக வித்தியாசம்தான் என்னை வருத்துகிறது. பருத்தி வலை நைலானாக மாற ஒரு மனித ஆயுள்கூட ஆகவில்லை. ஆவுளியா ஓர் ஆண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும். அடுத்ததற்குப் பல ஆண்டுகள். நைலானுக்கு ஏற்ப அது மாறும்வரை காத்திருக்க முடியாது, மாற வேண்டியது நம் கைதான். வலையில் சிக்கினால் முதலில் மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவாருங்கள், பிறகு வலையை அறுங்கள். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். தலை அமிழ்ந்து, மூச்சு முட்டியே செத்துப்போகும்.