மாங்கூழ் ஆலைக்கு ஸ்மெட்டா ஆடிட்: கொடுக்கிற பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலைகளில் ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களிடம் பையர் முதலில் கேட்கும் தாள்களில் ஒன்று ஸ்மெட்டா ரிப்போர்ட், அதாவது ஆலையில் தொழிலாளர் நிலை எப்படி என்று ஆடிட்டர் நேரில் பார்த்து எழுதும் அறிக்கை. பல நேரம் செலவு ஆலையின் தலையில்தான். அதனால் அந்தச் சேவை எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது என்று பார்ப்போம். சீசனில் செய்தால் ஐந்துக்கு மூன்றரை தரலாம். மாம்பழம் வராத பிப்ரவரியில் செய்தால் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.

ஸ்மெட்டா என்பது செடெக்ஸ் அமைப்பின் ஆடிட் முறை. பையர்களும் சப்ளையர்களும் உறுப்பினராக இருந்து தொழிலாளர் நிலைத் தகவலைப் பகிரும் அமைப்பு செடெக்ஸ். இது சான்றிதழ் அல்ல, இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. 'ஸ்மெட்டா சர்டிஃபிகேட் வாங்கித் தருகிறோம்' என்று யாராவது வந்தால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. முதலில் செடெக்ஸில் உறுப்பினராகி, சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற ஆடிட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வருகிறவர் ஆப்ஸ்காவில் (இவ்வகை ஆடிட்டர்களின் தொழில்முறைச் சங்கம்) பதிவு பெற்றவரா என்று அவருடைய எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். டூ பில்லர் வகையில் முக்கியமாகத் தொழிலாளர் நிலையும் பாதுகாப்பும் வரும். ஃபோர் பில்லரில் சுற்றுச்சூழல் முழுமையாகவும், தொழில் நேர்மையும் சேரும். தோலும் கொட்டையும் கழுவுநீரும் மலையாகச் சேரும் தொழில் இது. ஃபோர் பில்லரே எடுங்கள்.

இந்த ஆடிட்டின் பலம் வேலைநேரம். இந்த ஆடிட் அளவுகோலாக வைக்கும் ஈ.டி.ஐ. (எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ்) விதிப்படி வாரம் 48 மணி நேரம், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்து 60-ஐத் தாண்டக் கூடாது. ஏழு நாளில் ஒரு நாள் விடுப்பு. 60-ஐத் தாண்ட விதிவிலக்கு உண்டு. ஆனால் அதற்குச் சட்டம் இடம் கொடுக்க வேண்டும், தொழிலாளர் அமைப்போடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், எதிர்பாராத உற்பத்தி உச்சம் போன்ற அசாதாரணச் சூழல் என்று நிர்வாகம் காட்டவும் வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். பெங்களூரா மாங்காய் வருஷா வருஷம் மே, ஜூன், ஜூலையில்தான் வருகிறது. அதை எதிர்பாராதது என்று எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். பழம் காத்திருக்காது என்பது உண்மைதான். அதற்கு வழி மூன்றாவது ஷிஃப்ட்டுக்கு ஆள் எடுப்பதே தவிர, இருக்கிற பெண்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பது அல்ல.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இரட்டைக் கணக்கில். வருகைப் பதிவேட்டில் ஞாயிறு விடுமுறை. பாய்லர் லாக் புத்தகத்தில் அதே ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு நீராவி அழுத்தம் எழுதியிருக்கும். ரிட்டார்ட் சார்ட் (டின்களைச் சூடேற்றும் கலத்தின் வெப்பப் பதிவு), சி.ஐ.பி. கழுவல் பதிவு (குழாய்களைக் கழற்றாமலே கழுவியதன் குறிப்பு), கேட் செக்யூரிட்டி நோட்டு ஆகியவற்றை நல்ல ஆடிட்டர் கூலிப் பதிவேட்டோடு ஒட்டிப் பார்ப்பார். 3.1 கிலோ டின்களும் 215 கிலோ டிரம்களும் அன்று எத்தனை நிரம்பின என்ற கணக்கே எத்தனை மணி நேரம் லைன் ஓடியது என்று சொல்லிவிடும். மணி நேரம் கூடியதைவிட அதை மறைத்ததுதான் ரிப்போர்ட்டில் கனமாக விழும். உண்மைக் கணக்கைக் காட்டி, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி கொடுத்ததையும் காட்டினால் திருத்தத்துக்கு அவகாசம் கிடைக்கும்.

பலவீனம் பேட்டியில். நம் ஊர் லைனில் தமிழ் மட்டும் பேசினால் போதாது. குப்பம் பக்கத்திலிருந்து தெலுங்குக்காரர்கள் வருவார்கள், ஒடியா, இந்தி பேசுகிறவர்களும் உண்டு. மொழி தெரியாத ஆடிட்டர் மேஸ்திரியையே மொழிபெயர்க்கச் சொன்னால் அந்தப் பேட்டிக்கு மதிப்பே இல்லை. ஆர்டர் கொடுக்கும்போதே மொழிகளை எழுதிக் கொடுங்கள். பேச வேண்டியவர்களை ஆடிட்டரே பொறுக்கி எடுக்கட்டும். காம்பு கிள்ளும் இடத்தில் மாம்பால் பட்டு வெந்த கைகளைக் கேட்காமல், தீயணைப்பானின் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு போகும் ஆடிட்டும் நடக்கிறது. கையுறை எத்தனை ஜோடி வாங்கினீர்கள் என்ற பில்லை எடுத்து வையுங்கள்.

இனி சட்டம். சரக்கு வரும் வழியில் மனித உரிமை மீறலைத் தடுக்கச் சொல்லும் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி 1-ல் அங்கே குறைந்தது 3,000 பேருக்கு வேலை தரும் நிறுவனங்களுக்கும், 2024-லிருந்து குறைந்தது 1,000 பேர் உள்ளவற்றுக்கும் அமலானது. 40 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கு அபராதம் ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் வரை போகலாம். 2025-ல் ஆண்டறிக்கைக் கடமையை நீக்க அந்த அரசு முடிவெடுத்தது. ஆபத்தைக் கண்டறிந்து தடுக்கும் கடமை அதனால் போய்விடாது. இந்தக் கடமை பையருடையது. 'சப்ளையர் எல்லா மனித உரிமைப் பொறுப்பையும் ஏற்கிறார்' என்ற வரியைக் கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள். பொறுப்பை இப்படி மொத்தமாகத் தள்ளிவிட முடியாது என்று அங்கே அமலாக்கும் பாஃபா அலுவலகமே வழிகாட்டியிருக்கிறது. அந்த வரியைத் திருத்தக் கேளுங்கள். குறை கண்டவுடன் ஆர்டரை வெட்டுவதும் சட்டத்தின் நோக்கம் அல்ல. சேர்ந்து திருத்துவதே முதல் வழி, உறவை முறிப்பது கடைசி.

நம் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு சொல்லும் 2 சதவீத சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) செலவு இதற்குப் பதிலாகாது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் வாங்கித் தந்த போட்டோவை ஆடிட் ஃபைலில் வைப்பதில் பயனில்லை.

பெரிய ஓட்டை தோப்பில். ஸ்மெட்டா ஆலை கேட்டோடு நிற்கிறது. பழமோ குத்தகைதாரர், மண்டி என்று கைமாறி வருகிறது. பறிப்பவர்களோடு பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை கூடை தூக்கியதா என்பது ரிப்போர்ட்டில் வராது. மறைமுக சப்ளையரிடம் மீறல் நடப்பதற்கு உறுதியான தகவல் கிடைத்தால் ஜெர்மன் பையர் அங்கேயும் விசாரித்தாக வேண்டும். ஆகவே லோடு சீட்டில் மண்டியின் பெயரோடு தோப்பின் ஊரையும் குத்தகைதாரர் பெயரையும் எழுதி வாங்குங்கள். பறிப்பு நடக்கும் வாரத்தில் சில தோப்புகளைத் தனியாகப் பார்த்து வரச் சொல்லி, அந்தச் செலவில் பங்கைப் பையரிடம் கேளுங்கள்.

தேதியை ஜூன் மாதத்துக்கு, செமி அனவுன்ஸ்டு முறையில் கேளுங்கள்: எந்த வாரங்களுக்குள் என்பது மட்டும் தெரியும், நாள் தெரியாது. கடைசிக் கூட்டத்தில் திருத்தப் பட்டியலில் கையெழுத்துப் போடும் முன், ஏற்காத குறையின் மேல் உங்கள் மறுப்பையும் எழுதுங்கள். பையரின் புகார் எண்ணைத் தமிழ், தெலுங்கு, ஒடியா, இந்தி நான்கிலும் எழுதி, கேட்டில் மட்டுமல்லாமல் பெண்கள் உடை மாற்றும் அறையிலும் ஒட்டுங்கள்.