வகுப்பறையா, மேலப்பாளையம் தெருவா?

நோயாளியின் பண்பாட்டைப் புரிந்துகொள்ள நர்சிங் மாணவிகளுக்கு இரண்டு வழிகளில் கற்றுத்தருகிறோம். ஒன்று வகுப்பு: நோயாளியின் பண்பாட்டுக்கு ஏற்ற பராமரிப்பு பற்றிய லைனிங்கரின் கோட்பாடு, அப்படிப் பராமரிக்க நர்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் காம்பின்ஹா-பகோட்டேயின் ஐந்து கூறுகள். சரி, அடிப்படை வேண்டும்தான்.

இன்னொன்று வீடு வீடாகப் போகும் களப்பயிற்சி. என் ஓட்டு இதற்கே. அந்த ஐந்தில் ஒன்றான நேரடிச் சந்திப்பு வகுப்பில் கிடைக்காது.

ரம்ஜான் மாதம், திருநெல்வேலியின் மேலப்பாளையம். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெரியம்மா சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோன்பு தொறந்த பொறவு போடலாமாம்மா?” ‘காலை, இரவு’ என்று மட்டுமே படித்திருந்த மாணவி திகைத்தாள். ஆனால் அதட்டவில்லை. சஹர் (நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் சாப்பிடுவது) எத்தனை மணிக்கு, அப்போது என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் அந்தத் தாளோடு டாக்டரிடம் போனாள்.

அடுத்த முறை பாபநாசம் மலையில் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்பு. அங்கே கேட்கவேண்டிய கேள்விகளே வேறு.