காளான் பொடியும் அம்மாவின் எடையும்: பதினாலு மாதக் கணக்கு

முதல் டப்பாவைப் பார்த்ததும் அம்மா, “புத்துக்கு மருந்து புத்துக்காளானா?” என்று சிரித்தாள். சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கம் இடிமழைக்கு மறுநாள் கரையான் புற்றில் காளான் பிடுங்கித் தின்றவள் அவள். காளான் என்றால் குழம்புதான். இது வேறு வகை. கனோடெர்மா, ஜப்பான்காரர்கள் ரெய்ஷி என்று சொல்வது. மரத்தில் முளைத்து மரம் மாதிரியே இறுகிப்போகும். குழம்பு வைத்தால் வேகாது. அதனால்தான் பொடியாகவும் சாறாகவும் விற்கிறார்கள்.

அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்று, மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒன்று வீதம் எட்டு சுற்று கீமோ. முதல் நாள் மருத்துவமனையில் ஆக்சாலிப்ளாட்டின் ஏற்றுவார்கள், அப்புறம் இரண்டு வாரம் வீட்டில் கேப்சிடபைன் மாத்திரை. நாங்கள் இருப்பது மும்பை சயானில். லோக்கல் ரயில் ஏறினால் மருத்துவமனை இருக்கும் பரேல் மூன்றாவது ஸ்டேஷன், ஆனால் ஆக்சாலிப்ளாட்டின் ஏறிய உடம்புக்குக் குளிர் ஆகாது. டிசம்பர் மாதம் ரயில் வாசல் காற்று பட்டதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து டாக்சிதான். ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரலில் கரண்ட் அடித்த மாதிரி இருக்கும் என்பாள்.

இரண்டாவது சுற்றின்போது மூன்றாவது மாடி அக்கா டப்பாவோடு வந்தார். ஆள் சேர்த்து விற்கும் கம்பெனி ஒன்றின் சரக்கு, மாதம் 3,800 ரூபாய். அக்கா நல்லவர், அவரும் நம்பித்தான் விற்றார். சர்க்கரை, பிரஷர், கட்டி எல்லாம் கரையும் என்றார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. சத்துணவுப் பொருள் என்ற பெயரில் விற்பதானால் இந்திய விதிப்படி அதைப் போட்டே ஆகவேண்டும். நான் அதைப் படித்தும் வாங்கினேன். வீட்டில் புற்றுநோய் இருக்கும்போது படிப்பது ஒன்று, செய்வது ஒன்று.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் வெந்நீரில் இரண்டு ஸ்பூன். நல்ல கசப்பு. “கரிக்கட்டைய இழைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு” என்பாள். குடித்துவிட்டு ஒரு மணி நேரம் குமட்டலோடு படுத்திருப்பாள். நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்: கீமோ நாட்களில் அவளுக்குக் கொஞ்சமாவது பசி இருந்தது காலையில் மட்டும். அந்த நேரத்தைப் பொடி தின்றுவிட்டது. 58 கிலோ இருந்தவள் நாலாவது சுற்றுக்குப் போகும்போது 49.

அந்த முறை ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் 72,000-க்கு இறங்கியிருந்தது. ஈரல் கணக்கும் கூடியிருந்தது. கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன், அம்மாதான் போட்டு உடைத்தாள். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. பிளேட்லெட் குறைவது ஆக்சாலிப்ளாட்டினாலேயே வரக்கூடியதுதான், ஆனால் ரெய்ஷி ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும், அந்தப் பொடி சாப்பிட்டு ஈரல் கெட்ட கேஸ்களும் உண்டு, பொடியையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்தால் எதனால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். “வீட்டுக்குள்ள ரெண்டு திருடன் இருந்தா யாரைப் பிடிப்பாரு?” என்று அம்மா வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். பொடி அன்றோடு நின்றது.

அவர் அனுப்பிய உணவு ஆலோசகரிடம் போனதுதான் உண்மையான திருப்பம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இரண்டு இட்லி, ரசம் சாதம், அரை டம்ளர் பால். புரதம் 20 கிராம்கூடத் தேறவில்லை. கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வேண்டும், அதாவது அம்மாவுக்கு 50 முதல் 75 வரை. காலைப் பசிக்கு முதலில் இரண்டு முட்டை, அது 12 கிராம். நெய் விட்ட பாசிப்பருப்புக் கஞ்சி, பாலில் கரைத்த சத்துமாவு, மதியம் நெத்திலிக் குழம்பு, எல்லாம் சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. எவர்சில்வர் கரண்டி வாயில் பட்டால் இரும்பு வாடை அடிக்கிறது என்று சொன்னதற்குப் பிளாஸ்டிக் கரண்டி வாங்கினோம். பத்து ரூபாய் கரண்டி. அதற்கப்புறம்தான் கஞ்சி முழுக் கிண்ணம் இறங்கியது. எட்டாவது சுற்று முடியும்போது 52.

கீமோ முடிந்து இரண்டு மாதம் கழித்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு, டர்க்கி டெயில் என்ற இன்னொரு காளானின் மாத்திரை ஆரம்பித்தோம். இந்த முறை கொஞ்சம் படித்திருந்தேன். இந்தக் காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற பொருளை ஜப்பானில் 1977-லேயே மருந்தாக அனுமதித்தார்கள். ஷிடாகே காளானின் லென்டினன் 1985-ல் வந்தது, அது ஊசி. இரண்டுமே பிரித்தெடுத்துச் சுத்தம் செய்து, கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தவை, கீமோவுக்குப் பதிலாக அல்ல. கடையில் விற்கும் மாத்திரை அந்த மருந்து ஆகாது. ரெய்ஷி பற்றி 2012-ல் வந்த, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு 5 சோதனைகளை, மொத்தம் 373 பேரை, அலசியது. கீமோவோடு சேர்த்தால் ஏதோ பலன் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் போதாது, முதன்மைச் சிகிச்சையாக வைத்துக்கொள்ள ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம்.

முதலில் வாங்கிய பாட்டிலில் ‘பழுப்பரிசியில் வளர்த்த மைசீலியம்’ என்று இருந்தது. மைசீலியம் என்றால் காளானின் வேர் மாதிரியான நூல்பகுதி. அது அரிசியோடு பின்னிக் கிடப்பதால் இரண்டையும் சேர்த்தே அரைத்துவிடுவார்கள். எனக்குச் சந்தேகம். ஒரு மாத்திரையைத் தட்டில் கொட்டி, வெந்நீர் தெளித்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை இரண்டு சொட்டு விட்டேன். பள்ளிக்கூடச் சோதனைதான். பேனா மசி மாதிரி கருநீலமாகிவிட்டது. உள்ளே மாவுச்சத்து. 2,200 ரூபாய்க்கு அரிசிமாவு! காளானின் மேல்பகுதியை வெந்நீரில் காய்ச்சி எடுத்த சாறு என்று போட்டிருந்த அடுத்த பாட்டில் பழுப்பாகவே நின்றது. காளானில் பலன் தருவதாகச் சொல்லப்படும் பீட்டா குளூக்கன் என்ற பொருள் இதில்தான் அதிகம். வாங்குகிறவர்கள் லேபிளில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

ஏழு மாதம் சாப்பிட்டாள். முதல் வாரம் வயிறு உப்பிசம், பிறகு ஒன்றுமில்லை. கெடுதல் இல்லை. நல்லது? ஸ்கேன் சுத்தமாக வந்தது, ஆனால் அது கத்திக்கும் கீமோவுக்கும் சேரவேண்டிய பெயர். களைப்பு குறைந்தது, கீமோ நின்றாலே அது குறையும். எடை இப்போது 55. என் கணக்கில் மாத்திரைக்கு ஐந்துக்கு இரண்டு மார்க், அதிலும் ஒன்று அம்மாவுக்குக் கிடைத்த தைரியத்துக்கு. பாட்டில் தீர்ந்தால் மறுபடி வாங்கப்போவதில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் 200 கிராம் மொட்டுக் காளான் வாங்கி மிளகு போட்டு வதக்குகிறாள். “புத்துக்காளான் ருசி இதுல எங்க இருக்கு” என்று ஒவ்வொரு முறையும் குறை சொல்லிக்கொண்டேதான்.

போன மாதம் மூன்றாவது மாடி அக்கா மறுபடி வந்தார். கம்பெனிக் கூட்டத்தில் அம்மா மேடையேறி, பொடியால் குணமானேன் என்று இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம்.

“வாரேன்” என்றாள் அம்மா. “அறுத்த டாக்டரையும் கூப்பிடு. கஞ்சி காய்ச்சின என் மகளையும் கூப்பிடு. நாலு பேருமா ஏறுவோம்.”

அக்கா சிரித்துவிட்டார். காபி குடித்துவிட்டுத்தான் போனார்.