பூந்திக்கொட்டையா, சோப்புத் துருவலா, தேங்காயெண்ணெய் சோப்பா?

பாம்பன் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் மாதமே வெள்ளை வேட்டி ஒன்று என் கையில் சாம்பல் பூத்துப் போனது. சோப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன், இன்னும் மங்கியது. குற்றம் தண்ணீரில் இருந்தது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுதி. சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் பால் திரிவதுபோல் திரிந்து, பிசுக்காக நூலிழைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டிலேயே சலவைப்பொருள் செய்ய நினைக்கும் நம் கடற்கரைக்காரர்கள் அதனால்தான் செய்முறைக்கு முன் வாளித் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, சோப்புச் சீவல் ஒன்றைப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் நல்ல தண்ணீர். நுரைக்காமல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் எங்களுடையதுபோல் உப்புத் தண்ணீர்.

எல்லோரும் சொல்லித்தரும் முறை, சோப்பைத் துருவி வெந்நீரில் கரைத்துச் சலவைச் சோடா கலப்பது. செலவு குறைவு, செய்வதும் எளிது. காவிரிக் குடிநீர் தாராளமாக வரும் வீட்டுக்கு இது பொருந்தும். குடிக்கவே தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் கொண்டுவரும் தெருவில் அந்தத் தண்ணீரைத் துவைக்க யார் கொடுப்பார்? உப்புத் தண்ணீரில் இதைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் சோடாவை முதலில் போடுங்கள். வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து அரைமணி நேரம் விட்டால் சுண்ணாம்பில் பெரும்பகுதி வெள்ளையாக அடியில் படியும். மேலே தெளிந்ததை மொண்டு, அதன்பிறகு சோப்பு. வாசனைக்கென்று எலுமிச்சைச் சாறு சேர்க்கவே வேண்டாம். புளிப்பு சோடாவின் காரத்தை முறித்துவிடும். சோடா கலந்த கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். ஏற்கெனவே உவர் ஏறிய மண் இது.

பூந்திக்கொட்டை எனக்குப் பிடித்தது. விதை நீக்கிய பதினைந்து கொட்டைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுகிறேன். தேன் நிறச் சாறு, கையில் வழவழக்கும், லேசான புளித்த வாடை. இது சோப்பு அல்ல, ஆகவே திரியாது. பட்டு, கைத்தறி, குழந்தைத் துணி, சாயம் போகும் சேலை எல்லாவற்றுக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் இந்த வெயிலில் மூன்றே நாளில் கெட்டுப்போகும். தூய வெள்ளைத் துணியில் மெல்லிய மஞ்சள் ஏறக்கூடும். மீன் எண்ணெயிடம் இது தோற்றுப்போகும். கடலுக்குப் போய் வந்த சட்டையை இரண்டு முறை இதில் அலசினேன். காய்ந்தபின் கழுத்துப்பட்டையில் கவிச்சி அப்படியே இருந்தது.

அந்தச் சட்டைக்குத்தான் தேங்காயெண்ணெய் சோப்பு. மற்ற எண்ணெய்ச் சோப்புகள் நுரைக்காமல் கைவிடும் உப்புத் தண்ணீரிலும் இது நுரைக்கும். முன்பு கப்பல்களில் கடல்நீரில் துவைக்க இந்த வகைச் சோப்பைத்தான் வைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பிசுக்கு இதிலும் வரும் என்பதால் துவைக்கச் சலவைச் சோடா போட்டுத் தெளிந்த நீரே நல்லது. சோப்பு செய்ய ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 175 கிராம் காஸ்டிக் சோடா (சலவைச் சோடா அல்ல, தோலை அரிக்கும் கடுங்காரம்), 350 கிராம் தண்ணீர். கண்ணளவு கூடாது, தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். வார்த்த கட்டியை நான்கு வாரமாவது உலரவிட வேண்டும்.

எந்தப் பொருளானாலும் மீன் ரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நூலோடு ஒட்டிவிடும். கடல் உப்பையும் முதலில் போக்க வேண்டும். உப்பு தங்கிய துணி காற்றின் ஈரத்தை இழுத்து நசநசக்கும்.

கடைச் சலவைத்தூளை நான் முழுதாக ஒதுக்கவில்லை. அது உப்புத் தண்ணீரில் சோப்பைப்போல் திரிவதில்லை. சலவை எந்திரம் வைத்திருப்பவர்கள் அதையே போடட்டும். வீட்டுச் சோப்பின் பிசுக்கு உள்ளே குழாயெங்கும் படியும்.

காஸ்டிக் சோடாவை மட்டும் நான் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின்தான் வெளியே எடுப்பேன். அலுமினியப் பாத்திரத்தை அரித்துவிடும் என்பதால் எவர்சில்வர். கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த முற்றம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.