மலையகப் பட்டறைகளும் அரசாங்கப் படகும்: உப ஒப்பந்தத்துக்கு மூன்று வழிகள்

மலையக நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பவர்களுக்காக அரச நிறுவனம் ஒன்று 40 கண்ணாடியிழைப் படகுகளுக்கு விலைமனுக் கோருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 18 அடி நீளம். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டுவதற்கேற்ற பின்பலகை. படகைக் கரையேற்ற 10 டிரெய்லர்கள். ஒப்படைத்த பின் 2 ஆண்டுகளுக்குப் பராமரிப்பு. படகுகள் ஓடப்போவது காசல்ரீயிலும் மவுஸ்ஸாகலையிலும் கொத்மலையிலும்தான் என்றாலும், வழமையான முறையில் கேள்விமனு வெளிவந்தால் வேலை முழுவதும் கரையோரத்துப் படகுத்தளம் ஒன்றுக்கே போய்ச்சேரும். தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்த்தே கைதேர்ந்த லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் இருக்கின்றன. அவை இந்த வேலையில் பங்குபெற மூன்று வழிகள் உள்ளன. பிரதான ஒப்பந்ததாரர் எழுத்தில் தரும் உப ஒப்பந்தத் திட்டம் ஒன்று. வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்துச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்குவது மற்றொன்று. பட்டறைகள் ஒன்றுசேர்ந்து கூட்டாக விலைமனுச் சமர்ப்பிப்பது மூன்றாவது. ஹட்டனில் ஒரு லேத் பட்டறைக்குப் பல ஆண்டுகளாக விலைமனு எழுதிவருபவன் என்ற முறையில் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன், படகின் எந்தப் பகுதியை மலையில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். படகின் உடல் பொலியெஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் (பாய் போன்ற இழைவிரிப்பு) கொண்டு வார்ப்பு அச்சின் மேல் அடுக்கடுக்காகப் போடப்படுவது. ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த ரெசின் ஒழுங்காக இறுகுவதற்கு வெப்பம் வேண்டும். வெப்பநிலை 15 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இறுகல் மந்தமாகி, சில வேளைகளில் அரைகுறையாகவே நின்றுவிடும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தின் காலைக் குளிரும், மேட்டுக்குள் இறங்கிவிடும் பனியீரமும் இந்த வேலைக்குப் பகை. ஈரம் குடித்த மேட்டில் ரெசின் ஊறாது. அடுக்குகளுக்கிடையே வெண்மையான திட்டுகள் தெரியும். ஓராண்டு கழித்து அந்த இடத்தில்தான் உடல் பிளக்கும். குளிரைச் சரிக்கட்டுவதற்காக ஹார்ட்னரை அள்ளி ஊற்றுகிறவர்கள் நொறுங்கும் தன்மையுள்ள உடலையே பெறுகிறார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரண வேகத்தில் கரையோரம் எங்கும் புதிய படகுத்தளங்கள் முளைத்ததையும், அவற்றிலிருந்து வந்த தரங்குறைந்த படகுகளைப் பற்றி ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் எச்சரித்ததையும் மறக்கக் கூடாது. ஆகவே படகின் உடலை மலைக்குக் கொண்டுவருவோம் என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. பின்பலகைக்கான உலோகத் தாங்கி, கயிறு கட்டும் கொண்டிகள், துடுப்புக் கொளுவிகள், டிரெய்லர்கள், படகு மூடும் தார்ப்பாய்கள், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பழுதுபார்ப்பு: இவையே நம் பட்டறைகளின் கைக்குள் அடங்கும் வேலைகள்.

முதல் வழி அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் சட்டமாக இருந்துவருவது. 1978 இல் நிறைவேறிய சட்டத்தின்படி, பெரிய நிறுவனம் ஒன்று குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட அரசாங்க ஒப்பந்தத்தைப் பெறும்போது, சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு வேலை தரும் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கட்டுமானம் அல்லாத ஒப்பந்தங்களுக்கு அந்த எல்லை 2020 முதல் 2025 வரை 750,000 டொலராக இருந்தது. வீத இலக்கு மட்டும் போதாது. எந்த வேலைகள் வெளியே கொடுக்கப்படும், சிறு நிறுவனங்களை எப்படித் தேடினோம், திட்டத்துக்குப் பொறுப்பான அலுவலர் யார் என்பனவும் அதில் இருக்க வேண்டும். இலக்கை எட்ட நேர்மையாக முயலவில்லை என்று நிரூபணமானால் நட்டஈடு அறவிடப்படும். இத்தகைய ஏற்பாடு நம் நாட்டிலும் வர வேண்டும் என்று பேசுவோர் அந்த வீதத்தைத்தான் முதலில் சுட்டிக்காட்டுகிறார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொரு பகுதியை.

2010 இல் அங்கு கொண்டுவரப்பட்ட சட்டம் ஒன்று இரண்டு விடயங்களைச் சேர்த்தது. விலைமனு தயாரிக்கும்போது எந்தச் சிறு நிறுவனத்தின் விலையையும் உழைப்பையும் பயன்படுத்தினாரோ, வேலை கிடைத்த பிறகும் அதே நிறுவனத்துக்கே வேலையைத் தரப் பிரதான ஒப்பந்ததாரர் முயல வேண்டும். முடிந்த வேலைக்கான கொடுப்பனவைக் குறைத்தாலோ, உரிய திகதியிலிருந்து 90 நாட்களுக்கு மேல் தாமதித்தாலோ, காரணத்தை அரசாங்க அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவ்விரண்டும் எங்கள் பட்டறையின் வாழ்வைத் தொட்டவை என்பதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கரையோரப் படகுத்தளம் ஒன்று எங்களிடம் துருப்பிடிக்காத எஃகுக் கொண்டிகளுக்கு விலை கேட்டது. இரண்டு இரவு விழித்திருந்து வரைபடத்தோடு விலை அனுப்பினோம். கேள்விமனு அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் வரைபடம் வேறொரு பட்டறைக்குப் போனது. அடுத்த முறை வேலை எங்களுக்கே வந்தது. பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து பணம் கைக்கு வர 7 மாதங்கள் ஆயின. கேட்கும் போதெல்லாம் "எங்களுக்கே இன்னும் காசு வரவில்லை தம்பி" என்பதுதான் பதில். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த 7 மாதங்களும் எஃகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியவர் எங்கள் முதலாளி. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் முற்பணம் இல்லாமல் போனவர்கள் லேத்தில் நின்ற மூன்று பேர். வேலையில் 30 வீதம் சிறு பட்டறைகளுக்கு என்று எழுதியிருந்தாலும் இந்தத் துயரம் துளியும் குறைந்திருக்காது.

முதல் வழியின் வலிமை பொறுப்பு ஒரே தோளில் இருப்பது. படகு மூழ்கினால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை. பிணைமுறியும் வங்கி உத்தரவாதமும் பெரிய நிறுவனத்தின் பாடு. பலவீனமும் அங்கிருந்தே பிறக்கிறது: பணமும் தகவலும் அவர் வழியாகவே வருவதால், சிறு பட்டறைக்கு அரசாங்கத்தோடு நேரடி உறவு எதுவும் இருக்காது.

இரண்டாவது வழிக்கு அருகிலுள்ள உதாரணம் இந்தியா. அங்கே 2012 இல் வந்த அரசாணை, மத்திய அரசின் அமைச்சுகளும் நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்வனவில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்கிறது. தொடக்கத்தில் 20 வீதமாக இருந்த அந்தப் பங்கு 2018 இல் 25 வீதமாக உயர்ந்தது. அதற்குள் 3 வீதம் பெண்களின் நிறுவனங்களுக்கு. சிறு நிறுவனத்தின் விலை மிகக் குறைந்த விலையைவிட 15 வீதத்துக்குள் கூடியிருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ளலாம். விலைமனு வைப்புத்தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. தட்டுப்பாடு பணத்தில் இருக்கும் சிறு பட்டறைக்கு அந்த விலக்கு, 25 வீத ஒதுக்கீட்டைவிடப் பெரிய உதவி.

நம் படகுக்கு இதைப் பொருத்தினால், டிரெய்லர்கள் ஒரு கூறு, உலோகப் பொருத்திகள் ஒரு கூறு, தார்ப்பாய் ஒரு கூறு, பராமரிப்பு ஒரு கூறு என்று கேள்விமனு பிரியும். இலங்கையில் இதற்கு ஒரு நடைமுறைச் சாதகமும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க அரசாங்க ஒப்பந்தச் சட்டத்தின்படி 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு விலைமனுச் சமர்ப்பிப்பவர் முன்கூட்டியே பதிவு பெற்றிருக்க வேண்டும். கூறுகள் அதற்குள் அடங்கினால் அந்த ஒரு படி குறையும். ஆனால் அதற்காகவே ஒரு வேலையைத் துண்டுபோட்டால் கணக்காய்வில் கேள்வி எழும். பிரிப்புக்கான காரணம் வேலையின் தன்மையாக இருக்க வேண்டும். அது கேள்விமனு வெளியாகும் முன்பே பெறுகை (அரசாங்கக் கொள்வனவு) திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கூறுகளாகப் பிரிப்பதில் உள்ள உண்மையான ஆபத்து பொருத்தத்தில் இருக்கிறது. பின்பலகைத் தாங்கி ஒன்றுக்கு நான்கு போல்ட் துளைகள். எங்கள் பட்டறையில் துளையிட்ட தாங்கிகளை ஒருமுறை வேறொருவர் செய்த பலகைமேல் வைத்தபோது, மேல் துளைகள் இரண்டும் சரியாக உட்கார்ந்தன. கீழ்த் துளைகள் 3 மில்லிமீற்றர் விலகி நின்றன. இரு தரப்பும் தத்தம் வரைபடத்தைக் காட்டின. இரண்டிலும் அளவு சரியாகவே இருந்தது. ஒருவர் துளையின் மையத்திலிருந்தும் மற்றவர் விளிம்பிலிருந்தும் அளந்திருந்தார்கள். ஒரே ஒப்பந்ததாரருக்குக் கீழே என்றால் அன்று மாலையே தீர்ந்திருக்கும். தனித்தனி ஒப்பந்தங்களாக இருந்திருந்தால் கடிதம் எழுதியே ஒரு மாதம் போயிருக்கும். ஆகவே படகோடு இறுகப் பூட்டப்படும் எதையும் தனிக் கூறாக்கக் கூடாது. படகிலிருந்து விலகி நிற்கும் டிரெய்லருக்கும் தார்ப்பாய்க்கும் இந்தத் தடை இல்லை.

மூன்றாவது வழி மனதுக்கு நெருக்கமானது. கூட்டுறவுச் சங்கமாகவோ கூட்டு முயற்சியாகவோ ஐந்தாறு பட்டறைகள் சேர்ந்து தங்கள் பெயரிலேயே விலைமனு இடுவது. இலங்கையின் சிறு, நடுத்தர முயற்சிக் கொள்கை உற்பத்தித் துறையில் 11 முதல் 50 பேர் வரை வேலைசெய்யும், ஆண்டு விற்பனை 25 கோடி ரூபாவைத் தாண்டாத நிறுவனத்தைச் சிறு முயற்சி என்கிறது. நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலானவை 10 பேருக்குள் அடங்குபவை. அவை எத்தனை சேர்ந்தாலும், "இதே வகையான வேலையை முன்பு செய்து முடித்த அனுபவம்" என்ற நிபந்தனையில் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு நிறுத்திவிடும். கூட்டு முயற்சியில் ஒவ்வொரு பங்காளியும் முழு ஒப்பந்தத்துக்கும் பொறுப்பு என்பது இன்னும் கனமான விடயம்; ஒருவர் கைவிட்டால் மற்றவர் வீட்டு உறுதி வரை வங்கிக்குப் போகும். ஒருவரோடொருவர் வேலை செய்து பழகாதவர்கள் முதல் முயற்சியாகவே 40 படகு ஒப்பந்தத்தில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பராமரிப்புக் கூறு ஒன்றை இரண்டு ஆண்டு சேர்ந்து செய்தவர்கள் அடுத்த கேள்விமனுவுக்குக் கூட்டாகப் போகலாம்.

பராமரிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மவுஸ்ஸாகலையில் நீர் வற்றும் மாதங்களில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் கட்டடங்களும் மேலெழுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நீருக்கடியில் படகின் அடிப்பகுதியை எவை உரசும் என்று சொல்லத் தேவையில்லை. உரசிய படகைச் சரிசெய்யக் கொழும்புப் பக்கம் ஏற்றி அனுப்பினால் லொறிக் கூலியும் மீனவர் வேலை இழக்கும் நாட்களும் பழுதின் செலவை மீறிவிடும். ஒரு சிறு கிழிசலை ஒட்டுவதற்கு முழு உடலையும் வார்க்கும் வெப்பச் சூழல் தேவையில்லை. மூடிய கொட்டகையும், ஈரத்தை விரட்ட ஒரு வெப்ப விளக்கும், பழகிய கையும் போதும். தொழிற்பயிற்சி முடித்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறும் தோட்டத்துப் பிள்ளைகளில் நான்கைந்து பேரையாவது இந்த வேலை ஊரில் நிறுத்தும்.

ஆகவே என் தெரிவு ஒரு கலவை. படகின் உடலும் அதோடு பூட்டப்படும் பொருத்திகளும் முதல் வழியில், ஒரே பிரதான ஒப்பந்ததாரரிடம். டிரெய்லர், தார்ப்பாய், பராமரிப்பு ஆகியவை இரண்டாவது வழியில், நீர்த்தேக்கங்கள் அமைந்துள்ள நுவரெலியா மாவட்டத்தினதும் அதை அடுத்த கண்டி மாவட்டத்தினதும் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கிய தனிக் கூறுகளாக. இட அடிப்படையிலான ஒதுக்கீடு புதுமையானது அல்ல. அமெரிக்காவில் 1997 முதல் பின்தங்கிய பகுதிகளுக்கென ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர, நிறுவனத்தின் முதன்மை அலுவலகம் அந்தப் பகுதியில் இருக்க வேண்டும், ஊழியரில் 35 வீதத்தினராவது அத்தகைய பகுதிகளில் வசிக்க வேண்டும். ஹட்டனில் ஒரு பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிவிட்டுக் கொழும்பிலிருந்து வேலைசெய்வதை இரண்டாவது நிபந்தனை தடுக்கும்.

முதல் வழிப் பகுதியில் வீத இலக்கைவிட நான்கு வாசகங்களையே கேள்விமனுவில் வலியுறுத்துவேன். உப ஒப்பந்தப் பட்டறையின் பெயரும் அது தந்த விலையும் விலைமனுவோடு இணைக்கப்பட வேண்டும். பட்டறையை மாற்றினால் எழுத்தில் காரணம் தர வேண்டும். அரசாங்கத்திடமிருந்து பிரதான ஒப்பந்ததாரருக்கு வரும் முற்பணத்தில் உரிய பங்கு மூலப்பொருளுக்காகப் பட்டறைக்கும் போக வேண்டும். பொருள் ஏற்கப்பட்டு 30 நாட்களுக்குள் பணம் கொடுக்கப்படாவிட்டால் அது பெறுகை அதிகாரிக்கு அறிவிக்கப்பட வேண்டும். இவற்றோடு அச்சின் உரிமையையும் எழுத வேண்டும். அரசாங்கப் பணத்தில் செய்த படகு அச்சு வேலை முடிந்ததும் படகுத்தளத்தின் பின்பக்கத்தில் கிடந்து வெயிலில் வளைந்துபோகாமல், அரச நிறுவனத்தின் சொத்தாகப் பதிவாக வேண்டும். அப்போதுதான், மலையின் குளிருக்குக் கீழே நாவலப்பிட்டியிலோ கம்பளையிலோ ரெசின் வேலை கற்ற ஒருவர் அதை வாடகைக்கு எடுத்து, உடைந்த படகுக்கு அதே அளவில் ஒரு புதிய அணியத்தை (முன்பகுதியை) வார்த்துக் கொடுக்க முடியும்.