தெருவில் ஓட்டும் செவெல்லுக்கு எந்த டார்க் கன்வர்ட்டர்?

சிவப்பு சிக்னலில் ஒரு 1969 செவர்லே செவெல் கார் நிற்கிறது. 350 கன அங்குல எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் (கேம்) மட்டும் புதிது, கொஞ்சம் பெரியது. லீவர் டிரைவில் இருப்பதால் வண்டி முன்னால் முட்டிக்கொண்டே இருக்கிறது. பிரேக்கை ஊன்றி மிதித்தால்தான் நிற்கிறது. நியூட்ரலில் 850 காட்டிய ஆர்பிஎம் 600-க்கு இறங்கி, ஸ்டியரிங்கே அதிர்கிறது. கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் இது முழுசாகச் சரியாகாது. கேமை மாற்றியபோது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையும் மாற்றியிருக்க வேண்டும்.

கன்வர்ட்டருக்குள் எஞ்சின் பக்கத்து இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. கியர்பாக்ஸ் பக்கத்து டர்பைன் அந்த வேகத்தை வாங்கிச் சுழல்கிறது. டர்பைன் நகராமல் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மைத் தாண்ட முடியாமல் திணறுகிறதோ, அதுதான் ஸ்டால். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே கன்வர்ட்டர் சிறிய 307 எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ஸ்டால் காட்டும், பெரிய 454-க்குப் பின்னால் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். எஞ்சினின் இழுவை கூடினால் ஸ்டாலும் ஏறும்.

கேம் மாற்றாத வண்டி என்றால் கம்பெனி கன்வர்ட்டரே போதும். ஏறக்குறைய 12 அங்குல விட்டம், 1,600 முதல் 1,800 வரை ஸ்டால். நழுவல் குறைவு, சூடு குறைவு, மைலேஜும் கெடாது. கழற்றிப் போடக் காரணமே இல்லை.

கேம் மாறிவிட்டால் கதை வேறு. 0.050 அங்குல லிஃப்டில் அளந்தால் வால்வைத் திறந்துவைக்கும் கால அளவு (டியூரேஷன்) 220 டிகிரி அளவுக்கு இருக்கும் கேமுக்கு 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே உயிர் கம்மி. 2,200 முதல் 2,500 வரை ஸ்டால் உள்ள கன்வர்ட்டர் போட்டால், கிளம்பும்போதே எஞ்சின் தன் பிக்கப் தொடங்கும் இடத்துக்கு ஏறிவிடும். சிக்னலில் முட்டலும் தணியும். நெடுஞ்சாலைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 3.31 ஆக்ஸில் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ்ஷாஃப்ட் 3.31 சுற்று), 26 அங்குல டயர், மணிக்கு 60 மைல்: எஞ்சின் சுமார் 2,570-ல் ஓடும். ஸ்டாலுக்கு மேலேயே ஓடுவதால் நழுவல் கொஞ்சம்தான்.

இங்கேதான் பலருக்கும் 3,200 ஸ்டால் மேல் ஆசை வருகிறது. 10 அங்குலம் அல்லது அதற்கும் சிறிய கன்வர்ட்டர். பச்சை விழுந்ததும் அம்பு மாதிரி பாயும். அந்த சுகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே 3.31 ஆக்ஸிலோடு ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள். மிதித்தவுடன் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வண்டி அப்புறம்தான் வரும். தரமான கன்வர்ட்டர் மெல்ல மிதிக்கும்போது ஓரளவு பிடித்துக்கொள்ளும். சுமை ஏறினால் நழுவும். அந்த நழுவல் எல்லாம் ஆயிலில் சூடாக இறங்கும், கியர்பாக்ஸைக் கொல்வதும் அந்தச் சூடுதான். இதைப் போட்டால் பெரிய ஆயில் கூலர் கட்டாயம், ஆக்ஸிலும் 3.73 அல்லது 4.10 ஆக வேண்டும். 4.10 என்றால் 60 மைல் வேகத்திலேயே 3,180 ஆர்பிஎம். ரெண்டு மணி நேரம் அந்த இரைச்சலில் உட்கார்ந்து ஊருக்குப் போக முடியுமா?

வார இறுதியில் நீண்ட தூரம் போகிறவருக்கு நான் சொல்வது 1982-ல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸும் லாக்-அப் கன்வர்ட்டரும். முதல் கியர் 3.06, நான்காவது 0.70. 3.73 ஆக்ஸிலோடுகூட 60 மைலில் சுமார் 2,025 ஆர்பிஎம்தான். எஞ்சினையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்ததும் நழுவலே இல்லை. அதனால் 2,600 ஸ்டால் இருந்தாலும் நெடுஞ்சாலையில் தொந்தரவு தராது. இதில் வேலை அதிகம்: கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரைப் பின்னால் தள்ள வேண்டும், லாக்-அப்புக்கு வயரிங் வேண்டும். கார்புரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிளைத் துல்லியமாக வைக்காவிட்டால் புதுக் கிளட்சுகளும் சீக்கிரமே கருகிவிடும்.

இந்த இழுபறிக்கு ஜெனரல் மோட்டார்ஸே ஒரு அழகான வழி கண்டிருந்தது. 1965 முதல் 1967 வரை பியூக், ஓல்ட்ஸ்மொபைல், காடிலாக் வண்டிகளின் டர்போ 400 கியர்பாக்ஸில், இம்பெல்லருக்கும் டர்பைனுக்கும் நடுவே ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் இதழ்களின் கோணமே மாறும். ஒரே கன்வர்ட்டர், இரண்டு ஸ்டால். அதை நிறுத்தியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சரி, நம் சிக்னல் செவெல்லுக்கு என் தேர்வு 2,400. டர்போ 350-ஐ வைத்துக்கொண்டு, 3.31 ஆக்ஸிலைத் தொடாமல், தனி ஆயில் கூலர் ஒன்றோடு. வாங்கும்போது இதழ்கள் உலையில் பிரேசிங் செய்யப்பட்டவையா என்று கேளுங்கள். வெறுமனே மடக்கிச் செருகிய இதழ்கள் அதிக இழுவையில் கழன்றுவிடக்கூடும்.

மாட்டும்போது கன்வர்ட்டருக்குள் ஒரு குவார்ட் ஆயில் ஊற்றி, சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு படியாக 'டக்'கென்று இறங்கும். கடைசியாக கியர்பாக்ஸ் ஆயில் பம்பின் பற்களில் உட்காரும். கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங் எஞ்சினோடு முழுசாகச் சேர்ந்த பிறகும் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுழல வேண்டும். எஞ்சினோடு சுழலும் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வர்ட்டருக்கும் நடுவில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் கன்வர்ட்டர் இன்னும் உள்ளே இறங்கவில்லை. அப்போது போல்ட்டை முறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும், கியர்பாக்ஸை மறுபடி கழற்றி இறக்க வேண்டியதுதான்.