நாலு வாளியில் போன ஏழு மாதச் சம்பளம் – மொட்டைமாடிக் கசிவு வேலைக்கு ஆள் வைக்கப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்று ராத்திரி இரண்டேகால் மணிக்குச் சொட்டு விழும் சத்தம் கேட்டு எழுந்தேன். கூடத்தில் மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில், அதே இடத்தில், அதே சொட்டு. பத்து வருட உத்தரவாதத்தோடு வேலை முடித்து 41 நாள்தான் ஆகிறது. கொடுத்த பணம் என் ஏழு மாதச் சம்பளம். தொகையை எண்ணில் எழுத மாட்டேன், வீட்டில் முழுக் கணக்கு இன்னும் தெரியாது, அவர்களும் இதைப் படிப்பார்கள். ஏழு மாதச் சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாமல் கோபத்தில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பெயர் எதுவும் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கும்போது போடாதே என்று வக்கீலாக இருக்கும் நண்பன் சொல்லிவிட்டான். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு செயலி, அதன் வழியாக வந்த வாட்டர்புரூஃபிங் ஆட்கள், இவ்வளவு தெரிந்தால் போதும். கடைசியில் பத்து எச்சரிக்கைகள் எழுதுகிறேன், அதுவரை படியுங்கள்.

வீடு கட்டிப் பதினான்கு வருடம். மேலே நூறு சதுர மீட்டர் மொட்டைமாடி. இரண்டு வருடமாகக் கூடத்துக் கூரையில் ஓதம், அப்புறம் பூஞ்சை, அப்புறம் ஓர் இடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. பார்த்து முடிக்கலாம் என்று செயலியில் தேடினேன். நாலே முக்கால் நட்சத்திரம், நூற்றுக்கணக்கான பாராட்டு. ஒருவர் வந்தார். தொப்பி, கால்சட்டைப் பையில் அளவுநாடா, கையில் ஈரம் அளக்கிற சின்னக் கருவி. பேச்சு குறைவு. சுத்தியல் காம்பால் கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தார், ஓர் இடத்தில் நின்றார். "கேளுங்க சார், இங்க டங்குன்னு வருது, இங்க டொப்புன்னு வருதா? உள்ள விட்டுப்போச்சு." நிஜமாகவே சத்தம் வேறாக இருந்தது. கருவியின் இரண்டு ஊசியைச் சுவரில் குத்தினார், 38 என்று காட்டியது. "பதினஞ்சுக்கு மேல போனாலே ஆபத்து சார்" என்றார்.

இதுவரை நான் விழவில்லை, சந்தேகத்தோடுதான் இருந்தேன். விழுந்தது இதற்குப் பிறகு.

குளியலறையையும் காட்டி, இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள் என்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கு எங்க வேலை வேணாம் சார், ஓடு இடுக்குல பூசின சிமெண்ட்டு போயிருக்கு, ஒரு கொத்தனார் அரை நாள்ல முடிச்சிடுவார், எங்ககிட்ட கொடுத்தா உங்க பணம் வீண்" என்றார். அவ்வளவுதான். கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்கிற மனிதன் ஏமாற்றுவானா என்று மனசு முடிவு கட்டிவிட்டது. இரண்டாவது ஆளைக் கூப்பிட்டு விலை கேட்க நினைத்திருந்தேன், அதைக்கூட விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், ஏழு மாதச் சம்பளத்தைப் பிடிக்க அரை நாள் வேலையைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்.

பாதி முன்பணம், சாமான் வந்து இறங்கியதும் கால், முடிந்ததும் கால். விலைத்தாளில் "இரண்டு கோட்டு, காய்ந்த பின் 1.5 மி.மீ. கனம்" என்று அழகாக எழுதியிருந்தது. மூன்று நாள் வேலை என்றார்கள், ஒன்றரை நாளில் முடித்தார்கள். காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள், மத்தியானம் அதே ஈரத்தளத்தின் மேல் உருளையால் பூச ஆரம்பித்துவிட்டார்கள். காய வேண்டாமா தம்பி என்று கேட்டேன். "இந்தப் பொருளுக்கு ஈரம் இருந்தாத்தான் சார் பிடிக்கும்" என்றான் பையன். சிமெண்ட் கலந்த சில பூச்சுகளுக்கு அது உண்மைதான், தளத்தை நனைத்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இவர்கள் அடித்தது ரப்பர் மாதிரிப் படலமாகக் காய்கிற வகை. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே தள்ளும், படலம் கொப்புளமாக எழும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில் சாய்வாகக் கலவை வைத்துத்தான் மேலே பூச வேண்டும், இல்லாவிட்டால் அந்த மடிப்பில்தான் படலம் முதலில் கிழியும். வைக்கவில்லை. தண்ணீர் தேக்கிப் பார்க்கலாமா என்றதற்கு, ஏழு நாள் தண்ணீரே படக்கூடாது என்றார் தொப்பிக்காரர். சரி என்று கடைசிக் கால் பங்குப் பணத்தையும் அன்றே கொடுத்தேன். பையன் கைபேசியை நீட்டி ஐந்து நட்சத்திரம் கேட்டான், அதையும் கொடுத்தேன், கூடவே நாலு வரி நெகிழ்ந்து எழுதினேன்.

பதினாறாம் நாள் முதல் மழை. வெயில் அடித்ததும் மேலே போய்ப் பார்த்தால் தளம் முழுக்க அப்பளம் மாதிரிக் கொப்புளம். போன் செய்தேன். "அது காத்து சார், தானா அடங்கிடும்." இருபத்துமூன்றாம் நாள் கூரையில் பழைய கறையின் ஓரத்தில் புதுக் கறை. "பழைய ஈரம் வெளிய வருது சார், நல்லதுதான்." எது நல்லது! அடுத்த வாரம் வருகிறோம், ஆள் ஊருக்குப் போயிருக்கிறான், இந்த வாரம் மழை, மழையில் பார்க்க முடியாது. மழை விட்டதும், இப்போது காய்ந்திருக்கிறது, கசிவு எங்கே என்று தெரியாது, மழை வந்ததும் சொல்லுங்கள். இந்த வரியைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள், நான் மூன்று தடவை கேட்டேன்.

செயலிக்காரர்களிடம் போனேன். எந்திரம் நாலு கேள்வி கேட்டது, அப்புறம் ஒரு பெண் குரல், மிக மரியாதையாக: நாங்கள் இணைத்து விடுகிறவர்கள் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பு சேவை தருபவர். பூச்சு தயாரித்த கம்பெனிக்கு எழுதினேன். பொருளில் குறையில்லை, பூசிய முறையில் குறை இருக்கலாம். பூசியவரைக் கேட்டால், பொருள் கம்பெனியைக் கேளுங்கள். மூன்று வாசல், மூன்றிலும் பூட்டு, நடுவில் நான் ஏழு மாதச் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

உத்தரவாதத் தாளை அப்போதுதான் முழுக்கப் படித்தேன். பத்து வருடம் என்பது முன்பக்கத்தில் தடித்த எழுத்தில். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எதற்கெல்லாம் செல்லாது என்று ஒரு பட்டியல்: தளத்தில் விரிசல் வந்தால், கட்டடம் அசைந்தால், தண்ணீர் தேங்கி நின்றால், வேறு யாராவது மேலே நடந்தால். தண்ணீரைத் தடுக்கத்தானே ஐயா பூசினோம்!

இனி வாளிக் கதை. மாடிப்படிக்குக் கீழே அவர்கள் விட்டுப்போன காலி வாளிகள் கிடந்தன. நாலு, ஒவ்வொன்றும் 20 லிட்டர். கட்டடப் பொறியாளராக இருக்கும் ஒரு நண்பர் பார்க்க வந்தவர், கூரையைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வாளியைத் திருப்பி லேபிளைப் படித்தார். "அண்ணே, கணக்குப் போடுங்க" என்றார். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் ஊற்றிப் பரப்பினால் ஈரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். இந்தப் பொருளில் கன அளவில் 60 சதவீதம்தான் கெட்டிச் சரக்கு, மிச்சம் காற்றில் போய்விடும். ஆக ஒரு லிட்டருக்குக் காய்ந்த கனம் 0.6 மி.மீ. நூறு சதுர மீட்டருக்கு 1.5 மி.மீ. வேண்டுமானால் 250 லிட்டர், அதாவது 13 வாளி. வந்தது நாலு வாளி, 80 லிட்டர். காய்ந்த கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சாமான் இறங்கிய அன்று வாளியை எண்ணி ஒரு பெருக்கல் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். எண்ணவில்லை. கால் பங்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த 38 பற்றியும் கேட்டேன், சிரித்தார். ஊசிக் கருவி மின்தடையைத்தான் அளக்கிறது, அந்த எண் மரத்துக்கு வகுத்த அளவுகோல், சுவரில் குத்தினால் ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிடத்தான் உதவும். சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த சுவரே ஈரம் மாதிரிக் காட்டும். தட்டிப் பார்த்தது மட்டும் உண்மையான சோதனை. உண்மையைக் கொஞ்சம் கலந்தால்தானே மிச்சம் விற்கும்.

பிறகு ரசமட்டம் வைத்துப் பார்த்தார். பிரச்சினையின் வேரே வேறு. மொட்டைமாடி என்பது சமதளம் இல்லை, நூறு செ.மீ.க்கு ஒரு செ.மீ.யாவது வாட்டம் கொடுத்துத் தண்ணீரைக் குழாய்க்கு ஓட்ட வேண்டும். என் மாடியில் நடுவில் பள்ளம், மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் குளம். அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் ஒழுகும், அதுவும் நேர் கீழே ஒழுகாது, ஸ்லாபுக்குள் விரிசலோடு ஊர்ந்து போய் கொக்கி மாதிரி ஓட்டை எங்கே கிடைக்கிறதோ அங்கே சொட்டும். தொப்பிக்காரர் இந்தப் பக்கமே வாய் திறக்கவில்லை, வாட்டம் எடுப்பது கஷ்டமான வேலை, லாபம் கம்மி.

சொட்டுதானே, வாளி வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். நண்பர் முகம் மாறிவிட்டது. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைக் காக்கிறது, வருடக்கணக்கில் காற்றும் ஈரமும் ஏறினால் அந்தக் காப்பு போய்விடும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும், அந்த வீக்கம்தான் காரையைப் பிளந்து தள்ளுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற ஊரில் 2021 ஜூன் 24 அன்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு பாதி இரவில் சரிந்து 98 பேர் இறந்தார்களே, அங்கே 2018லேயே ஒரு பொறியாளர் எழுதிக்கொடுத்திருந்தார்: நீச்சல்குளத் தளத்தின் நீர்த்தடுப்பு வாட்டமே இல்லாத பரப்பில் போடப்பட்டிருக்கிறது, தண்ணீர் ஆவியாகும்வரை அங்கேயே நிற்கிறது, கீழே கான்கிரீட் கெட்டுவருகிறது என்று. அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு நடுமாடிக் குளத்தை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

பெரிய ஆட்களும் இதில் தப்பவில்லை என்பது ஓர் அற்ப ஆறுதல். பாரிஸுக்குப் பக்கத்தில் பொய்சி என்ற இடத்தில் லெ கொர்புசியே என்ற பெரிய கட்டடக்கலைஞர் கட்டிய வில்லா சவோயா என்ற வீடு, 1931இல் முடிந்தது, நவீனக் கட்டடக்கலையின் கோவில் என்பார்கள், தட்டைக் கூரை ஒழுகி ஒழுகி வீட்டுக்காரம்மா அவருக்குக் கடிதமாக எழுதித் தள்ளியிருக்கிறார். அம்மா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது.

சரி, பத்து எச்சரிக்கை என்றேன், அலுவலகத்துக்கு நேரமாகிறது, கையில் வருவதைச் சொல்கிறேன். வாளியை எண்ணுங்கள், லேபிளில் கெட்டிச் சரக்கு சதவீதம் எடையிலா கன அளவிலா என்று பாருங்கள், கன அளவுச் சதவீதத்தை வைத்து நான் சொன்ன பெருக்கலைப் போடுங்கள். வேண்டியது இறங்காமல் அடுத்த தவணை கொடுக்காதீர்கள். படலப் பூச்சு என்றால் முன்தினமே 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள், அடியில் வியர்த்திருந்தால் அன்று பூச விடாதீர்கள். கடைசித் தவணை, பூச்சு காய்ந்தபின் தண்ணீர் கட்டி 24 முதல் 72 மணி நேரம் நின்று கீழே ஒழுகாத பிறகுதான், இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள்.

முக்கியமாக ஒன்று. நட்சத்திரத்தை நம்பாதீர்கள், என் நட்சத்திரத்தையும் சேர்த்துத்தான். கொடுத்த மதிப்பீட்டை முப்பது நாளுக்குள்தான் மாற்ற முடியுமாம், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று அவர்கள் ஏன் இழுத்தார்கள் என்று இன்று காலையில்தான் விளங்கியது. அந்தச் செயலியில் இப்போதும் முதல் பக்கத்தில் ஒரு பாராட்டு இருக்கும், "குளியலறை வேலையை வேண்டாம் என்று சொன்ன நேர்மையான மனிதர், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்" என்று. 63 பேர் அதைப் பயனுள்ளது என்று அழுத்தியிருக்கிறார்கள். அதை எழுதியது நான்தான்.